கூப்பிடாமல் வைத்திருந்த பெயர்

அக்கராயன்
12.9.1960

அன்புத் தங்கை விமலேஸ்வரிக்கு,

உன் கடிதம் போன கிழமை வந்தது. நீயும் உன்னவர் தில்லைநாதன் தம்பியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன், ஒரு தரம் எனக்காக, ஒரு தரம் உன் அத்தானுக்காக. நாங்களும் குறையில்லாமல் இருக்கிறோம்.

குளம் வற்றிப்போய்விட்டது. நடுக்குளத்தில் மாடுகள் நின்று மேய்கின்றன. அத்தான் காலையில் எழும்பியதும் முதலில் வானத்தைப் பார்க்கிறார், அதன் பிறகுதான் என்னைப் பார்க்கிறார். இந்தக் குடியேற்றத்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் இன்னும் யாழ்ப்பாணத்துக் கிணற்றையே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு ஏழு மாதம். மருத்துவிச்சி பயமில்லை என்கிறா. "முந்தினதை நினையாமல் இரு பிள்ளை" என்று வருகிற எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லி நினைப்பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். மூத்தவள் ஒன்றரை வயதில் எங்களை விட்டுப் போனாளே, அவளுக்கு நாங்கள் வைத்தது வீட்டுக்கு வீடு இருக்கிற பேர். இந்த முறை பேரை நீ சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லாததாக இருக்கட்டும். ஏன் என்று கேட்காதே. நம் வீட்டில் புத்தகமும் கையுமாகத் திரிந்தவள் நீதானே.

உன் பக்கத்தில் ஏதாவது விசேஷம் உண்டா? நீ மலாயாவுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. அக்கா என்ற உரிமையில் கேட்கிறேன், குறை நினையாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
இரஞ்சிதம்


சிரம்பான்
4.10.1960

அன்பு நிறைந்த அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்று இங்குள்ள பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே தினமும் பின்னேரம் மழை. உங்கள் குளத்தை நினைத்தால் இந்த மழையின்மேல் கோபம் வருகிறது. யாருக்கும் தேவையில்லாமல் ரெயில்வே குவார்ட்டர்ஸ் கூரையில் கொட்டிவிட்டுப் போகிறது.

பேர் கேட்டாய். ஆணாக இருந்தால் அத்தான் பார்த்துக்கொள்ளட்டும். பெண்ணாக இருந்தால் எழிலி.

பழைய தமிழில் எழிலி என்றால் மழைமேகம். நான் அறிய யாரும் இந்தப் பேரை வைத்ததில்லை. நடு எழுத்தில்தான் சிக்கல் வரும். நாக்கை மேலே மடித்து, அண்ணத்தைத் தொடாமல் விட்டுச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் "எளிலி" என்றுதான் சொல்லப் போகிறார்கள். சொல்லட்டும். நீ சரியாகச் சொன்னால் போதும். தாய் கூப்பிடுவதுதானே பிள்ளைக்குப் பேர்.

இந்தப் பேர் கொஞ்சக் காலமாக என்னிடம் இருக்கிறது. உனக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்.

நல்ல சேதியோடு எழுது.

உன் தங்கை,
விமலி


அக்கராயன்
21.12.1960

அன்புத் தங்கைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பெண் பிள்ளை. நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் இருவரும் அவ்வாறே இருக்க வேண்டும்.

வலி எடுத்த அன்றுதான் முதல் மழை விழுந்தது. அத்தான் மருத்துவிச்சியைக் கூட்டிவரச் சைக்கிளில் போய், இருவருமாக நனைந்துகொண்டு வந்தார்கள். "உன்ர பிள்ளை வாறத்துக்கு நான் குளிக்கவேண்டிக் கிடக்கு" என்று மருத்துவிச்சி ஏசினா. குளம் இப்போது நிறைந்து நிற்கிறது. பிள்ளை கார்த்திகை நட்சத்திரம். பஞ்சாங்கம் பார்த்த ஐயர் எடுத்துக்கொடுத்த எழுத்தும் "எ". நீ சிரம்பானில் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இங்கே எல்லாருக்கும் அதிசயம்.

பதியப் போன இடத்தில் பதிவுகாரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாராம். "இதென்ன தம்பி, தோணி தள்ளுற பாட்டோ?"

"இல்லை ஐயா, மழைமேகம். மச்சாள் எழுதி அனுப்பினவ."

"மச்சாளைக் கேட்டுத்தான் பேர் வைக்கிறீரோ? நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் தீட்டுத் தொடக்குக் கழித்தோம். பேரைக் கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். பக்கத்துக் காணி நாகேஸ்வரி "ஏலிலி" என்கிறாள். அவளுடைய புருஷன் "எலி" என்பதோடு நிறுத்திவிடுகிறார். சரியாகச் சொன்னவள் ஒருத்திதான், சந்தியில் கடை வைத்திருக்கும் ஹமீட் நானாவின் மனைவி ஹாலிதா. "ஓதிப் பழகின நாக்கு இது. எந்த எழுத்தைக் கொண்டு வந்தாலும் பிரட்டும்" என்று பெருமையடித்தாள்.

பிள்ளை என்னை உரித்துவைத்ததுபோல இருக்கிறாளாம். மூக்கு மட்டும் உன்னுடையது. உன் உடம்பு எப்படி? விசேஷம் உண்டென்றால் ஒளிக்காமல் எழுது.

இரஞ்சிதம்


சிரம்பான்
30.1.1961

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பெற்றெடுத்த களைப்பெல்லாம் தீர்ந்து பலமாக எழும்பியிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் நலம்.

பதிவுகாரர் கதையை வாசித்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது வீட்டில் எதைத் தூக்கினாலும் "ஏலேலோ" என்கிறார். இன்று காலை வானொலிப் பெட்டியை நகர்த்தும்போதும் அதே பாட்டு.

அவளுக்கு இரண்டு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். வளர்வாள் என்று கொஞ்சம் பெரிதாக வெட்டினேன்.

எழிலி இப்போது என்ன செய்கிறாள்? நீ பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா? உன் குரலில் அந்தப் பேர் எப்படி இருக்கும் என்று சமைக்கும்போது யோசித்துப் பார்ப்பேன். சின்ன வயதில் நீ என்னைக் கிணற்றடியிலிருந்து கூப்பிடுவாயே, கடைசி எழுத்தை இழுத்து, அதேபோலத்தான் இருக்கும்.

சீக்கிரம் எழுது, அவளைப் பற்றி மட்டும் எழுது. நெல்லும் மாடும் அடுத்த கடிதத்தில் வரட்டும்.

விமலி


அக்கராயன்
27.4.1961

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. கோபிக்காதே. இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

அரிவு வெட்டு முடிந்தது. நல்ல விளைச்சல். சூடடித்துக்கொண்டிருந்தபோது யானை வந்து வேலியைப் பிரித்துவிட்டது, மற்றபடி சேதமில்லை. பிள்ளைக்கு நீ அனுப்பிய சட்டை பெரிதாக இருக்கிறது. மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

நாகேஸ்வரிக்கும் பெண் பிள்ளை கிடைத்திருக்கிறது. உன் கடிதங்களை அவள் என்னிடம் கேட்டு வாங்கி வாசிப்பாள். வாசித்து வாசித்து அந்தப் பேர் அவளுக்குப் பிடித்துப்போய், தன் பிள்ளைக்கும் அதையே வைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசைப்பட்டுக் கேட்டாள்.

வேறு புதினமில்லை. தம்பிக்கு எங்கள் அன்பைச் சொல்.

இரஞ்சிதம்


சிரம்பான்
2.6.1961

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். எழுதாமல் விட்டால் மனதுக்குள் இருந்து புளிக்கும்.

யாருக்கும் இல்லாத பேர் வேண்டும் என்று கேட்டது நீ. பக்கத்துக் காணிக்காரி கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டாய். அதற்குக்கூட நான் பெரிதாக நோகவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து நீ எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் பேர் இல்லை. "பிள்ளை" என்கிறாய், "அந்தப் பேர்" என்கிறாய். ஒரு தரமாவது எழிலி என்று எழுதினாயா?

பிடிக்கவில்லை என்றால் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் நுழையாத பேரை அனுப்பி உன்னைச் சங்கடப்படுத்திவிட்டேன் போலிருக்கிறது. நான் அதை இலேசாகத் தூக்கித் தரவில்லை அக்கா. அவ்வளவுதான் சொல்லலாம்.

பிள்ளையை நல்லபடி பார்த்துக்கொள்.

விமலேஸ்வரி


அக்கராயன்
15.10.1961

அன்புள்ள மச்சாள் விமலேஸ்வரிக்கு,

சின்னராசா எழுதுவது. நீரும் தில்லைநாதனும் நோய்நொடியில்லாமல் இருக்க ஆண்டவன் துணை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் வாத்தியார் மாதிரித் திருத்தாமல் வாசியும். உம்முடைய அக்காவுக்குத் தெரியாமல் கடையிலிருந்து எழுதுகிறேன்.

உம்முடைய கடிதம் வந்து நாலு மாதமாகிறது. அவ அதைப் பதில் எழுத எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறா. எழுத மாட்டா. ஆகையால் நான் சொல்கிறேன்.

மூத்தவளுக்குக் காய்ச்சல் கடுமையானபோது வண்டிலில் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனோம். பிள்ளை கண்ணை மூடிவிடக்கூடாது என்று உம்முடைய அக்கா வழி முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தா. நல்ல வெயில். நான் மாட்டை அடித்து ஓட்டுகிறேன், பின்னாலே இந்தச் சத்தம். பிள்ளை முதலில் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. அதன்பிறகும் அவ நிற்பாட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் வாயைப் பொத்த வேண்டி வந்தது. அன்றைக்குப் பிறகு மூத்தவளின் பேர் எங்கள் வீட்டில் இல்லை.

இந்தப் பிள்ளைக்குப் போன மார்ச் மாதம் காய்ச்சல் வந்தது. உமக்கு எழுதவில்லை. ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து சுகமாக்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்றே உம்முடைய அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹாலிதாவிடம் போனா. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததை வேறு ஆட்களுக்குத் தவிட்டுக்கு விற்கிற வழக்கம் உமக்குத் தெரியும். விற்றுவிட்டால், இது இவர்களுடைய பிள்ளை இல்லை என்று வருகிற தீமை ஏமாந்து போகும் என்பது கணக்கு. ஹாலிதா ஒரு கைப்பிடி தவிடு கொடுத்து வாங்கினாள். வாங்கினவள் வைப்பதுதான் பிள்ளைக்குப் பேர்.

"இவ்வளவு வடிவான பேர் ஒண்டு இருக்கே, நான் அதையே கூப்பிடுறன்" என்று ஹாலிதா சொன்னாள். இவ விடவில்லை. "வேண்டாம், கேவலமான பேரா வை" என்றா. "அப்ப தவிட்டுக்கு வாங்கினது தவிட்டி" என்று சொல்லி ஹாலிதா சிரித்தாள். இவ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளை எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள், ஆனால் எல்லாருக்கும் தவிட்டி. தாய் அதைக்கூடச் சொல்வதில்லை. "இஞ்ச வா", "அங்க போகாதை", இவ்வளவுதான்.

நாகேஸ்வரி வந்து, "நீங்கள் கூப்பிடாத பேர் சும்மாதானே கிடக்கு, எனக்குத் தாங்கோவன்" என்று கேட்டாள். அதுதான் நடந்தது. இப்போது வாய்க்கால் ஓரத்துக் கமலாசனியும் தன் மகளுக்கு முதல் வைத்த பேரை விட்டுவிட்டு இதைக் கூப்பிடுகிறாள். மழை கொண்டுவந்த பேராம்.

உம்முடைய அக்காவுக்குப் பேர் பிடிக்காமல் இல்லை மச்சாள். பயம். வேறொன்றுமில்லை. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ள வேண்டாம்.

சின்னராசா


சிரம்பான்
9.11.1961

என் அன்பு அக்காவுக்கு,

எப்படியிருக்கிறாய்? நன்றாகச் சாப்பிடுகிறாயா? உன் கையால் ஒரு சோறு தின்ன வேண்டும் போல இரண்டு நாளாக ஆசையாக இருக்கிறது. நாங்கள் இங்கே சுகம்.

முந்தின கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. தலையிடியோடு எழுதியது.

தவிட்டிக்கு ஒரு வயது ஆகிறதே. நடக்கத் தொடங்கிவிட்டாளா? யார் சொன்னது என்று கேட்காதே, காற்று வழியாக வந்தது. தவிட்டி என்பது எவ்வளவு நல்ல பேர் என்று இவரிடம் சொன்னேன். "அதை எந்தப் பதிவுகாரரும் பிழை விடாமல் எழுதுவார்" என்றார்.

தவிட்டிக்கு ஒரு தொப்பி பின்னுகிறேன். ஹாலிதாவுக்கு என் அன்பைச் சொல். வாங்கினவளை மதிக்க வேண்டாமா? அவளுக்கு ஒரு மேல்துணி அனுப்புகிறேன், பச்சை பிடிக்குமா என்று கேட்டு எழுது.

நீ எந்தப் பேரையும் எனக்கு எழுத வேண்டாம் அக்கா. அவள் பல் முளைத்ததையும் விழுந்து எழும்பியதையும் எழுது. எனக்கு அது போதும்.

விமலி


அக்கராயன்
18.3.1962

என் விமலிக்கு,

உன் அத்தானின் வாயைக் காற்று என்று நீ எழுதியது நன்றாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பாவம், அன்றைக்கு முழுவதும் என் முகத்தைப் பார்க்காமல் தோட்டத்துக்குள்ளேயே நின்றார்.

நாங்கள் நல்ல சுகம். உன் கடிதம் வந்த பிறகு நான் இன்னும் நல்ல சுகம்.

தவிட்டி ஓடித் திரிகிறாள். கோழியின் பின்னால் ஓடுவாள், கோழி திரும்பினால் என் பின்னால் ஓடிவருவாள். குசினிக்குள் உப்புப் பானையில் கை விட்டு நக்கிவிட்டு, ஏதோ நான்தான் செய்ததுபோல என்னை முறைத்துப் பார்ப்பாள். ஹாலிதா தினமும் பின்னேரம் வருவாள். "எண்ட புள்ளைய ஒழுங்காப் பாக்கிறியா, இல்லாட்டி எடுத்துக்கொண்டு போயிடுவன்" என்று என்னை வெருட்டுவாள். பச்சை பிடிக்குமாம். எந்த நிறத்தைச் சொன்னாலும் பிடிக்கும் என்றுதான் சொல்லுவாள்.

மூத்தவள் போன வயது வரப்போகிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்த மாதத்தைக் கடந்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடுவேன்.

நீ கொடுத்த பேரை நான் சொல்லாமல் இல்லை. மனதுக்குள் சொல்லுவேன். நெல் குற்றும்போது, தண்ணீர் அள்ளும்போது. வாய் திறந்து சொன்னால் எங்கேயோ ஒருவருக்குக் கேட்டுவிடும் என்று இருக்கிறது. படித்த உனக்கு இது பைத்தியமாகத் தெரியும். எனக்கே சில நேரம் அப்படித்தான் தெரிகிறது. ஆனாலும் வாய் வருவதில்லை.

வேலிக்கு அப்பால் நாகேஸ்வரி தன் மகளைக் கூப்பிடுவாள், "ஏலிலி! ஏலிலி!" என்று. பிழையாகத்தான் கூப்பிடுகிறாள். பயமில்லாமல் கூப்பிடுகிறாள். நான் கை வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் உடம்பு எப்படியம்மா?

அக்கா


சிரம்பான்
20.8.1962

அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது. எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லாமல் இருந்தது. சித்திரையில் உனக்கு ஒரு நல்ல சேதி எழுதலாம் என்று தாளெல்லாம் எடுத்து வைத்தேன். இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று இவர் சொன்னார். இப்போது எழுத அது இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். நடமாடுகிறேன். இவர் சமைக்கிறார், உப்பு மட்டும் கூட.

தவிட்டி அந்த வயதைக் கடந்திருப்பாள். மனம் நிறைந்தது.

உங்கள் பக்கம் மழை எப்படி?

விமலி


அக்கராயன்
3.2.1963

என் கண்ணான தங்கைக்கு,

நீ இப்போது எப்படியிருக்கிறாய் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். வேலை செய்யாதே. பாரம் தூக்காதே. தம்பியின் உப்புக் கூடின கறியைக் குறை சொல்லாமல் தின்.

உன் கடிதம் வந்தபோது நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். சின்னக் கடிதம். திரும்பத் திரும்ப வாசித்தேன். பதில் எழுத உட்காருவேன், என்ன எழுதுவது என்று தெரியாது. நீ எனக்குத் தந்த முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "இந்தப் பேர் கொஞ்சக் காலமாக என்னிடம் இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். யாருக்காக வைத்திருந்தாய் என்று ஒரு தரம் கேட்டேனா நான்? எனக்கு ஒன்று வேண்டும் என்றதும், உனக்கென்று எடுத்து வைத்ததைத் தந்திருக்கிறாய். நான் அதை வாயால் ஒரு தரம் சொல்லக்கூட இல்லை. விமலி, அன்றைக்கு அழுதேன்.

அழுததோடு சரி. வாய் வரவில்லை. ஒருநாள் குளக்கட்டுக்குத் தனியாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது.

தைப்பொங்கல் முடிந்ததும் ஹமீட் நானா கடையை முல்லைத்தீவுக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. ஹாலிதா போகிற அன்று நாங்கள் பெண்கள் எல்லாரும் அவளுடைய முற்றத்தில் கூடியிருந்தோம். நாகேஸ்வரியும் கமலாசனியும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். சாமான்கள் லொறியில் ஏறிவிட்டன. ஹாலிதா தவிட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லொறிப் பக்கம் நடந்தாள்.

"எங்க கொண்டு போறாய்?" என்று கேட்டேன்.

"எண்ட மகளை நான் கொண்டு போறன். தவிடு குடுத்து வாங்கினது மறந்து போச்சா?"

பகிடி என்று எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"விளையாடாதை ஹாலிதா. இறக்கி விடு."

"வித்தவ வந்து சும்மா கேட்டாத் தருவாங்களா? விலையைத் தந்து எடு."

"தவிடுதானே? இப்ப கொண்டு வாறன்."

"எனக்கு ஏன் தவிடு? நான் என்ன மாடா? இந்தா, இந்த இடத்தில நிண்டு, எண்ட காது கேக்க, புள்ளையிண்ட பேரைச் சொல்லிக் கூப்பிடு. வந்தா உண்ட புள்ள. அதுதான் விலை."

கமலாசனி, "ஏன் அக்கா அவவைப் போட்டு வருத்துறீங்கள்" என்றாள். ஹாலிதா அவளைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "இரஞ்சிதம், நான் போனாப் பிறகு இவளை ஆர் என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க? யோசிச்சியா?" என்று மெல்லக் கேட்டாள். பிறகு பிள்ளையை இறக்கித் தன் காலடியில் விட்டாள்.

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். நான் முற்றத்தின் இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். உன்னை நினைத்தேன், சத்தியமாக. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கியதை நினைத்தேன். கூப்பிட ஒரு பிள்ளை கண்முன்னே நிற்கிறது, கூப்பிடாமல் நிற்கிறேனே என்று வந்தது.

"எழிலி" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. "லொறிச் சத்தத்தில எனக்கு ஒண்டும் விளங்கேல்ல" என்றாள் ஹாலிதா, பொல்லாதவள். அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன், கிணற்றடியிலிருந்து உன்னைக் கூப்பிடுவேனே, அப்படி.

"எழிலீ!"

நாகேஸ்வரியின் மகள் ஓடி வந்தாள். கமலாசனியின் மகளும் ஓடி வந்தாள். இருவரும் என் இரண்டு பக்கமும் வந்து நின்று, என்ன தரப் போகிறேன் என்று பார்த்தார்கள். என் பிள்ளை மட்டும் அசையவில்லை. யாரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னாலே திரும்பிப் பார்த்தாள்! முற்றமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, விமலி. நான் செய்த வேலை அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. தன் பேரைத் தெரியாமல் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறேன்.

கிட்டப் போய்க் குந்தினேன். "உன்னைத்தான்" என்றேன். "நீதான் எழிலி." அவள் என் வாயையே பார்த்தாள். விரலால் என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, "எயியி?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"இந்த ஊரில சரியாச் சொல்லுற ஆள் நான் ஒருத்திதான், நானும் போறன்" என்று ஹாலிதா மூக்கைச் சிந்திக்கொண்டு லொறியில் ஏறினாள். நீ அனுப்பிய பச்சைத் துணியைப் போட்டிருந்தாள். மாதம் ஒரு தரமாவது வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாள். போகத்தான் வேண்டும்.

இரண்டு கிழமை ஆகிறது. பிள்ளை நன்றாக இருக்கிறாள். முதல் நாலைந்து நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அத்தான் காணாததுபோல இருப்பார். அவர் "எளிலி" என்றுதான் கூப்பிடுகிறார், திருத்தினாலும் கேட்பதில்லை. முந்தாநாள் தொட்டுப் பார்க்க மறந்துபோனேன். மறந்தது இரவு படுக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தப் பேரை எனக்குத் தந்துவிட்டதால் உன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்காதே. இங்கே மூன்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்று பேரும் வருகிறார்கள். யாருக்கும் குறைந்துபோகவில்லை. உனக்கு ஒரு மகள் வருவாள். எப்போது என்று நான் கேட்கமாட்டேன், இனி எந்தக் கடிதத்திலும் கேட்கமாட்டேன். வருகிற அன்று அவளுக்கும் இதையே வை. சிரம்பானில் உன்னைவிடச் சரியாகக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

நிறைய எழுத இருக்கிறது. ஆனால் முற்றத்தில் கொஞ்ச நேரமாகச் சத்தத்தைக் காணவில்லை. கோழிகளும் பேசாமல் இருக்கின்றன. எழிலி எங்கேயோ குழப்படி செய்துகொண்டிருக்கிறாள். நான் எழும்பிப் போய்க் கூப்பிட வேண்டும்.

உன் அக்கா,
இரஞ்சிதம்